உறவினர் ரத்தம் என்றால் பயமில்லையா?

கேள்வி: என் தாயாருக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இரண்டு யூனிட் ரத்தம் தேவைப்படலாமாம். முன்பின் தெரியாதவருடைய ரத்தத்தைவிட எங்கள் குடும்பத்தாரின் ரத்தத்தை ஏற்றினால் தொற்று பயம் இருக்காதல்லவா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: உங்கள் எண்ணம் இயல்பானதே. ஆனால் நடைமுறை பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. இந்தியாவில் ஒவ்வொரு ரத்தப் பையும் எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதிக்கப்பட்ட பிறகே வெளியே வர வேண்டும் என்பது சட்டம். இருந்தாலும், எச்.ஐ.வி. உடலில் புகுந்த பிறகு, அதை எதிர்த்து உடல் சுரக்கும் எதிர்ப்பொருள் உருவாகச் சுமார் மூன்று வாரமாகும்; அதற்குள் எடுத்த ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை எதையும் காட்டாமல் போகலாம். கிருமியின் மரபுப் பொருளையே தேடும் 'நாட்' பரிசோதனை இந்த இடைவெளியைப் பெருமளவு குறைக்கிறது என்றாலும், செலவு காரணமாக எல்லா ரத்த வங்கிகளிலும் அது இல்லை.

அந்த இடைவெளியில் நம்மைக் காப்பது கொடுப்பவரின் உண்மை ஒன்றுதான். சொந்தபந்தம் கூடி நிற்க, "நீங்களே கொடுத்துவிடுங்கள் மாப்பிள்ளை" என்று கேட்கப்படுபவர், தனக்கு முன்பு காமாலை வந்ததையோ வேறு அந்தரங்கத்தையோ படிவத்தில் எழுதத் தயங்குவார். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வந்து கொடுப்பவருக்கு மறைக்க வேண்டிய நெருக்கடி இல்லை. ஒவ்வொரு முறையும் அவர் பரிசோதிக்கப்படுகிறார். பணத்துக்கு ரத்தம் கொடுப்பது, உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டதும் இதே காரணத்தால்தான்.

பரிசோதித்தால் மட்டும் போதாது, முடிவு உரியவருக்குச் சேரவும் வேண்டும். 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட கொடுமையை நாம் மறக்கக் கூடாது. அதைக் கொடுத்த இளைஞரின் ரத்தத்தில் 2016-லேயே தொற்று தெரிந்திருந்தும் அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் அறிந்ததும், அவரே ஓடிவந்து மருத்துவமனைக்குச் சொன்னார்.

உங்கள் தாயாருக்கு அறுவை சிகிச்சை திட்டமிட்டு நடப்பதால், ரத்தசோகை இருக்கிறதா என்று இப்போதே பார்த்து, மருத்துவர் சொல்லும் இரும்புச்சத்து மருந்தைத் தொடங்குங்கள். ரத்தம் ஏற்றும் தேவையே குறையலாம். தேவைப்பட்டால், உரிமம் பெற்ற வங்கியில், 'நாட்' செய்த பை கிடைக்குமா என்று கேளுங்கள். பையின் சீட்டில் ரத்த வகை, காலாவதி நாள், ஐந்து பரிசோதனைகளின் முடிவு ஆகியவற்றைப் பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: ரத்தம் கொடுப்பவருக்கு ஏதாவது தொற்றுமா?
– ஒரு வாசகர், பழனி

பதில்: தொற்றாது. ஊசி, குழாய், பை மூன்றும் ஒன்றாக இணைந்து, கிருமி நீக்கி உறையிட்டு வருகின்றன. ஒருவருக்குப் பயன்படுத்தியதை மற்றொருவருக்குப் பயன்படுத்துவதில்லை. உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள்.