தக்காளி ஏன் இன்னும் சிவக்கவில்லை? – தோட்டக் கேள்வி பதில்

மாசி பிறந்ததிலிருந்து இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தக்காளியைப் பற்றியவையாகவே இருக்கின்றன. காய் பெருத்துவிட்டது, பழம் மட்டும் வரவில்லை என்பதே பலருடைய குறை. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ரங்கூன் தென் ஒக்கலாப்பாவில் வீட்டு மாடியில் பழைய எண்ணெய்த் தகரங்களில் தக்காளி வளர்க்கிறேன். காய்கள் முழு அளவுக்கு வளர்ந்து மூன்று வாரங்கள் ஆகியும் பச்சையாகவே நிற்கின்றன. வெயில் போதாது என்று என் மாமியார் சொன்னதால், தகரங்களை நடு வெயிலுக்கு நகர்த்தி, காயை மறைத்த இலைகளையும் கிள்ளிவிட்டேன். இப்போது சில காய்கள் சிவக்காமல் மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறுகின்றன. என்ன குறை? – ஒரு வாசகி

உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரி. காய் பிடித்து வளர்வதற்கு இலைகளின் மேல் வெயில் படவேண்டும். ஆனால் வளர்ந்து முற்றிய காய் நிறம் மாறுவதற்கு அதன்மேல் வெயில் படவேண்டிய தேவையே இல்லை. முற்றிய தக்காளியை இருட்டறையில் வைத்தாலும் அது பழுத்துவிடும். பழுப்பதை நடத்துபவை காய் தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளும் எத்திலீன் என்னும் வாயுவும், சுற்றியுள்ள வெப்பநிலையும்தான்.

முதலில் நாட்கணக்கைப் பார்த்துவிடலாம். பூ மகரந்தம் ஏற்ற நாளிலிருந்து பழமாகும்வரை நடுத்தர அளவுள்ள தக்காளிக்கு ஏறத்தாழ 45 முதல் 60 நாட்கள் பிடிக்கும். சிறிய செர்ரித் தக்காளிக்கு அதைவிடக் குறைவு. இந்தக் காலத்தின் முற்பாதியிலேயே காய் தன் பருமனில் பெரும்பகுதியை அடைந்துவிடுகிறது. பிற்பாதியில் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரிவதில்லை. உள்ளே விதை முற்றுகிறது, விதையைச் சுற்றியுள்ள பகுதி கெட்டித்தன்மை நீங்கி வழுவழுப்பான கூழாகிறது. ஆகவே பருத்த காய் மூன்று வாரம் பச்சையாக நிற்பது நோயும் அன்று, குறையும் அன்று. ஐயமாக இருந்தால் ஒரே ஒரு காயைப் பறித்துக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். கத்தி விதைகளையும் சேர்த்து வெட்டினால் அது இன்னும் பிஞ்சுதான். விதைகள் கத்திக்கு அகப்படாமல் கூழில் வழுக்கி ஒதுங்கினால், அதே வயதுள்ள மற்றக் காய்களும் முற்றிவிட்டன என்று கொள்ளலாம்.

இனி நிறத்துக்கு வருவோம். தக்காளிக்குச் சிவப்பு தரும் லைக்கோபீன் என்னும் நிறமி 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் நன்றாக உருவாகிறது. 30 டிகிரியைத் தாண்டினால் அதன் உற்பத்தி குன்றிவிடுகிறது. மஞ்சளும் ஆரஞ்சும் தரும் கரோட்டின் அந்த வெப்பத்திலும் தொடர்ந்து உருவாகும். ரங்கூனில் தை மாதத்து இரவுகள் 18 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கும். பங்குனி நெருங்க நெருங்கப் பகல் வெப்பம் 36, 37 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. நேர் வெயிலில் தொங்கும் காயோ சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சூடேறும். இலைகளைக் கிள்ளியதால் காய்க்கு இருந்த குடையும் போயிற்று. சூடு கூடியதால் பச்சை மறைந்த இடத்தில் சிவப்பு வரமுடியாமல் ஆரஞ்சோடு நின்றுவிட்டது. அந்தப் பழங்களைக் கழிக்க வேண்டாம். விரலால் மெல்ல அழுத்தும்போது இளகிக் கொடுத்தால் அவை பழுத்தவையே. நிறம்தான் சற்று ஏமாற்றும். ஆனால் வெயில் பட்ட பக்கம் வெளுத்துக் காகிதம்போல் சுருங்கியிருந்தால் அது வெந்துபோன இடம், அதை வெட்டி நீக்கிவிடுங்கள்.

செய்யவேண்டியது இரண்டு. இனி ஓர் இலையையும் கிள்ளாதீர்கள். முற்பகல் பதினொரு மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை செடிகளின்மேல் ஒரு பழைய வேட்டியைப் பந்தல்போல் கட்டி நிழல் கொடுங்கள். அடுத்து, காய் முழுதும் சிவக்கும்வரை செடியிலேயே விட்டு வைக்காமல், காம்புக்கு எதிர்ப்புறத்து நுனியில் முதல் வெளிர்நிறம் தெரிந்தவுடன் பறித்துவிடுங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை தக்காளியின் நிறத்தை ஆறு படிகளாகத் தரம் பிரிக்கிறது. மேற்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் நிறம் மாறியிருக்கும் இந்தச் செங்காய் நிலை அதில் இரண்டாவது படி. அந்தப் படிக்கு வந்த காய் பழுப்பதற்கு வேண்டியவற்றைத் தன்னுள் சேர்த்து முடித்துவிட்டது என்பதால், வீட்டுக்குள் நிழலில் ஒரு வாரத்துக்குள் தானாகவே சிவந்துவிடும். மைனாவும் அணிலும் கொத்துவதற்கு முந்திக்கொள்ளவும் இதுவே நல்ல வழி.

செடியில் பழுத்ததன் ருசி வராதே என்று பலர் தயங்குகிறார்கள். பிஞ்சாகப் பறித்து, லாரியில் குலுங்கி வந்து, கடையில் வெம்பிப் பழுத்ததைச் சாப்பிட்ட அனுபவத்தால் வரும் தயக்கம் அது. செங்காயாகப் பறித்ததற்கும் கொடியில் பழுத்ததற்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. பங்குனி வெயிலில் காய்ந்து பழுத்ததைவிடச் செங்காயே மேல் என்பேன்.

பறித்த காய்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல், வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில், தண்ணீர்ப் பானை வைத்திருக்கும் மூலையின் அருகில் தரையோடு ஒட்டிப் பரப்பி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். 12 டிகிரிக்குக் கீழே தக்காளியின் மணம் மங்கத் தொடங்குகிறது. குளிரில் ஒரு வாரம் வைத்த பழத்தில் மணத்தை உண்டாக்கும் மரபணுக்கள் சில அடங்கிவிடுவதையும், வெளியில் எடுத்து வைத்த பிறகும் அந்த மணம் முழுதாக மீளாததையும் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கும் நம் ஊரில், தக்காளியின் பொருட்டாவது அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

மாம்பழ வியாபாரிகள் போடும் கார்பைடு கல்லைச் சிறிது துணியில் முடிந்து தக்காளிக் கூடையில் வைத்தால் இரண்டு நாளில் பழுத்துவிடும் என்கிறார்கள். வீட்டில் செய்யலாமா? – ஒரு வாசகர், மோல்மீன்

கூடாது. கால்சியம் கார்பைடு ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயுவை வெளியிடுகிறது. அது எத்திலீனைப்போலவே காயைத் தூண்டும். ஆனால் தொழிற்சாலைப் பயனுக்காகச் செய்யப்படும் அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் எச்சம் கலந்திருக்கும் என்பதால் இந்தியாவில் பழங்களைப் பழுக்கவைக்க அதைப் பயன்படுத்துவதற்குச் சட்டப்படி தடை உண்டு. தூண்டல்தான் வேண்டுமென்றால், நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்றைத் தக்காளிகளோடு காகிதப் பையில் போட்டு வாயை மடித்து வைத்தாலே போதும். வாழைப்பழம் எத்திலீனைத் தாராளமாக வெளியிடும். நம் வீடுகளில் மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைப்பதும் இதே காரணத்தால்தான், வாயு வெளியேறாமல் காயைச் சுற்றியே நிற்கிறது. பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம். உள்ளே நீர் கோத்துப் பூஞ்சை பிடித்துவிடும். ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: முற்றாத காயை எந்த வாயுவும் நல்ல பழமாக்காது. அது சுருங்கும், அல்லது சுவையில்லாமல் வெம்பும்.

தவுஞ்ஜீயில் இருக்கிறோம். மலைக்குக் கீழே இன்லே ஏரியில் தக்காளி குவியல் குவியலாக விளைந்து லாரி ஏறுகிறது. எங்கள் வீட்டுச் செடியிலோ மார்கழியில் பருத்த காய் தை முடிந்தும் பழுக்கவில்லை. எங்களுக்கு வெயில் கொடுமையும் கிடையாதே? – ஒரு வாசகர்

ரங்கூன் வாசகியின் தொல்லை சூடு என்றால், உங்களுடையது குளிர். இன்லே ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தவுஞ்ஜீ 1,400 மீட்டரைத் தாண்டிய மேட்டில் இருக்கிறது. இந்த உயர வேறுபாடே ஏறத்தாழ மூன்று டிகிரி வெப்பத்தைக் குறைத்துவிடும். மார்கழி, தை இரவுகளில் உங்கள் ஊரில் 10 டிகிரியை ஒட்டி இறங்குவது வழக்கம். அந்த அளவில் பழுப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அதிலும் பல இரவுகள் தொடர்ந்து அடிபட்ட காய், பின்னர் வெப்பம் வந்தாலும் திட்டுத்திட்டாக நிறம் மாறி அழுகுவதுண்டு.

ஏரியின் நிலைமையே வேறு. ஏரியில் வாழும் இந்தா இன மக்கள் நீர்ப்பாசியையும் ஆகாயத்தாமரையையும் திரட்டிப் படுகையாக்கி, அது மிதந்து போய்விடாதபடி மூங்கில் கழிகளை ஊன்றி நிறுத்தி, அதன்மேல் செடி வைக்கிறார்கள். வேருக்கு ஈரம் ஒரு நாளும் குறைவதில்லை. பெரிய நீர்ப்பரப்பு பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல விடுவதால் குளிரும் அவ்வளவு கடுமையாக இறங்குவதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் பழத்துக்காகக் கொடியில் காத்திருப்பதில்லை. தொலைதூரச் சந்தைக்குப் போகவேண்டிய சரக்கைப் பச்சையும் செங்காயுமாகவே பறித்துப் பெட்டியில் அடுக்குகிறார்கள்; ரங்கூனுக்கு வந்து சேர்வதற்குள் பாதி வழியிலேயே நிறம் ஏறிவிடுகிறது.

நீங்களும் அதையே செய்யுங்கள். அறுத்துப் பார்த்து முற்றியது உறுதியானால், பச்சையாகவே பறித்து அடுப்பங்கரையின் கதகதப்பில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை செடிகளைத் தெற்கு நோக்கிய செங்கல் சுவரை ஒட்டி வையுங்கள். செர்ரி வகையையும் இரண்டு செடி சேர்த்துக்கொண்டால், பெரிய காய்க்குக் காத்திருக்கும் காலத்தில் குழம்புக்காவது ஆகும்.

எங்கள் செடியில் முதலில் சிவந்த நான்கு பழங்களின் அடிப்பக்கமும் கறுத்துக் குழிந்திருக்கிறது. பூச்சியா? – ஒரு வாசகி, பெகு

பூச்சி அன்று. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது இது. பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்பு இல்லாததால் வருவதில்லை, ஒருநாள் காயவிட்டு மறுநாள் குடம் குடமாக ஊற்றுவதால் வருகிறது. அளவாகத் தினமும் காலையில் ஊற்றுங்கள். வேரை வைக்கோலால் மூடுங்கள். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவது தவறில்லை, ஆனால் அது மக்கிப் பயன் தருவதற்குள் இந்தப் பருவமே முடிந்துவிடும். காயம் பட்ட காய் முந்திப் பழுக்கும் என்பதால்தான் கெட்டவை முதலில் சிவந்தன. மற்றவை பின்னால் வரும்.

பர்மியப் புத்தாண்டான திஞ்சானுக்குள் செடிகளை அகற்றிவிட வேண்டும். கூடை நிறையப் பச்சைக் காய் மிஞ்சும்போல் இருக்கிறது. – ஒரு வாசகி, ரங்கூன்

கவலையே வேண்டாம், பச்சைத் தக்காளியை இந்த நாட்டில் யாரும் குறையாக நினைப்பதில்லை. மெல்லியதாக அரிந்து, வறுத்து இடித்த வேர்க்கடலை, எள், பொரித்த வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்தால் பர்மியர் செய்யும் தக்காளிக்காய் அத்தோ ஆகிவிடும். விரும்பியவர் நாப்பி என்னும் புளித்த மீன் விழுதைச் சேர்த்துக்கொள்ளலாம். நம் முறையில், உளுந்தும் காய்ந்த மிளகாயும் வறுத்து, காயை எண்ணெயில் வதக்கித் துவையலாக அரைக்கலாம். புளி சேர்க்கவே வேண்டாம். பாசிப்பருப்போடு கூட்டும் நன்றாக வரும். பச்சைக் காயில் டொமாட்டின் என்னும் கசப்புப் பொருள் உண்டு என்பது உண்மை. வழக்கமாகச் சமைத்து உண்ணும் அளவில் அது தீங்கு செய்வதில்லை. இலையையும் தண்டையும் மட்டும் சமையலில் சேர்க்காதீர்கள். அகற்றுமுன் கடைசி மூன்று வாரங்களில் செடியின் நுனியையும் புதுப் பூக்களையும் கிள்ளிவிடலாம். இரவு வெப்பம் 24 டிகிரியைத் தொட்டபின் பூக்கும் பூக்களில் பெரும்பாலானவை பிஞ்சு பிடிக்காமல் உதிரத்தான் போகின்றன.

அடுத்த ஆண்டு பொங்கலுக்கு வீட்டுத் தக்காளி வேண்டுமானால் எப்போது விதைக்க வேண்டும்? – ஒரு வாசகர், ரங்கூன்

பின்னோக்கி எண்ணுங்கள். விதையிலிருந்து நாற்றாக ஐந்து வாரம், நட்டதிலிருந்து பூக்க நான்கு வாரம், பூவிலிருந்து பழத்துக்கு ஏழெட்டு வாரம். மொத்தம் ஏறத்தாழ நான்கு மாதங்கள். ஆகவே செப்டம்பர் நடுவில் விதைத்துவிட வேண்டும். அப்போது மழை ஓய்ந்திருக்காது என்பதால் விதைத் தட்டைக் கூரைக்கு அடியில், காலை வெளிச்சம் விழும் இடத்தில் வையுங்கள். மழைத்தண்ணீர் தேங்கினால் நாற்று அடியில் அழுகிச் சாயும். பெரும்பாலான ஆண்டுகளில் பர்மியரின் விளக்குத் திருவிழாவான தடிஞ்ஜுட் பௌர்ணமிக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட நாட்கள் நடுவதற்கு ஏற்றவை. தீபாவளி கழித்து விதைப்பவர்களின் காய்கள்தான் மாசி, பங்குனி வெயிலில் வந்து மாட்டிக்கொள்கின்றன. இந்த மாதம் வந்த கடிதங்களில் விதைத்த நாளைக் குறிப்பிட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் அப்படி விதைத்தவர்களே. நட்ட முதல் மாதம் தொழு உரம் போடலாம். பூ எடுத்தபின் மீன் கழுவிய தண்ணீரையும் சாணக் கரைசலையும் குறைத்துவிடுங்கள், இல்லையேல் செடி இலையும் தண்டுமாகக் கொழுத்துக் காய் பின்தங்கிவிடும்.