உள்ளே தள்ளிப் போங்க! – ஓய்வுபெற்ற கண்டக்டரின் கேள்வி பதில்

கேள்வி: ஸ்டெர்லிங் ரோட்டில் அரை மணி நேரம் நின்றாலும் ஒரு 29சி பஸ் வருவதில்லை. வந்தால் மூன்றாக வருகிறது. டெப்போவிலேயே பேசிவைத்துக் கிளம்புவீர்களா? (புரசைவாக்கம் வாசகி)

பதில்: 31 வருஷம் இந்தக் கேள்வியை நேரிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். பேசிவைத்தெல்லாம் கிளம்புவதில்லை அம்மா. வண்டி கிளம்பும் பெரம்பூரில் டைம் கீப்பர் இடைவெளி விட்டுத்தான் அனுப்புவார். முதல் வண்டி ஒரு சிக்னலில் 4 நிமிஷம் மாட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். அதற்குள் அடுத்த ஸ்டாப்பில் பத்துப் பேர் கூடுதலாகச் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் ஏறி முடிப்பதற்குள் வண்டி இன்னும் லேட். அதற்கடுத்த ஸ்டாப்பில் கூட்டம் இன்னும் அதிகம். பின்வண்டிக்கோ ஏற ஆளே இல்லை. காற்று வாங்கிக்கொண்டு வந்து முன்வண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும். நீங்கள் பார்ப்பது மூன்றாவதும் வந்து சேர்ந்த கோலம்.

முன்வண்டிக் கண்டக்டர் பாடு திண்டாட்டம். நூறு ரூபாய் நோட்டு ஆறு கை மாறி வரும். 'அடையாறு ரெண்டு' என்று குரல் மட்டும் எங்கிருந்தோ கேட்கும். சில்லறை அதே ஆறு கை வழியாகத் திரும்ப வேண்டும். ஸ்டேஜ் (கட்டணம் மாறும் ஸ்டாப்) வந்தும் டிக்கெட் கொடுத்து முடியாவிட்டால் விசில் கொடுத்து வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதான். மறுபடி லேட்! பின்வண்டிக் கண்டக்டர் ஜன்னலோரம் வேடிக்கை பார்ப்பார். (கலெக்‌ஷன் இல்லாமல் அவருக்குப் பேட்டா அடிபடும், அது தனிச் சோகம்.)

இதற்கு மருந்து, நடுவழியில் ஓர் ஆளைப் போட்டுப் பின்வண்டியை இரண்டு மூன்று நிமிஷம் பிடித்துவைப்பது. உள்ளே இருப்பவர்கள் திட்டத்தான் திட்டுவார்கள். அதுவரை நீங்கள் மூன்றாவது வண்டியில் ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும்.

கேள்வி: பஸ்களை நடுரோட்டில் நிறுத்துவதால்தானே டிராஃபிக் ஜாம்? (அண்ணா நகர் வாசகர்)

பதில்: பாதி உண்மை. மீதியை பஸ் ஸ்டாப்பில் போய்ப் பாருங்கள். நிழற்குடைக்கு முன்னால் ஷேர் ஆட்டோ, அதன் பின்னால் இளநீர் வண்டி, அப்புறம் 'அஞ்சே நிமிஷம்' என்று இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுப் போன ஒரு கார். அந்த இடுக்கில் 12 மீட்டர் பஸ்ஸைச் செருகினால் மூக்கு உள்ளே போகும், வால் ரோட்டில் கிடக்கும். வெளியே எடுக்கும்போது ஒருத்தரும் வழிவிட மாட்டார். டிரைவர் எதற்கு வம்பு என்று நேராகவே நிறுத்திவிடுகிறார். நிறுத்திவிட்டுப் போன அந்த ஒரு காரால் ஒரு லேனே போச்சு. பஸ் அடைக்கிற நீளத்தில் இரண்டு மூன்று கார் நிற்கும். பஸ்ஸில் 60 பேர். காரில் இருப்பவர்களை ஜன்னல் வழியே எண்ணிப் பார்த்திருக்கிறேன்: மூன்று காருக்கு 4 பேர், அதில் 3 பேர் ஓட்டுபவர்கள்.

கேள்வி: ஜங்ஷனுக்கு ஜங்ஷன் மேம்பாலம் கட்டிவிட்டால்? (தாம்பரம் வாசகர்)

பதில்: ஜெமினி பாலம் 1973-ல் வந்தது, கத்திப்பாரா 2008-ல். கத்திப்பாரா சந்திப்பு அதற்கப்புறம் மூச்சுவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் பாலம் உங்களை அடுத்த சிக்னல் வரிசைக்குச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். ரோடு காலியாக இருக்கிறதே என்று, மின்சார ரயிலில் போய்க்கொண்டிருந்தவரும் பைக்கை எடுப்பார். தென்கொரியாவின் சியோலில் ஊர் நடுவே ஓடிய உயர்மட்டச் சாலையையே இடித்து, அடியில் மூடிக்கிடந்த ஓடையை 2005-ல் திறந்துவிட்டார்கள். அதே சமயத்தில் பஸ்களுக்குச் சாலை நடுவே தனி லேனும் கொடுத்தார்கள். ஊர் ஒன்றும் நின்றுபோகவில்லை. நமக்கு ஓடை திறக்கிற வேலை மிச்சம், கூவம் திறந்துதான் கிடக்கிறது. லேனையாவது கொடுக்கலாம்.

கேள்வி: விபத்தும் இல்லை, சிக்னலும் இல்லை. வண்டலூர் பக்கம் திடீரென்று எல்லாம் நின்று, பிறகு தானாக நகர்கிறதே? (ஊரப்பாக்கம் வாசகர்)

பதில்: ஜப்பானில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் சுற்றச் சொல்லிப் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வெளியானது. தடை எதுவுமே இல்லாமல் கொஞ்ச நேரத்தில் ஜாம் ஆகிவிட்டது! முன்னால் ஒருவர் லேசாக வேகத்தைக் குறைத்தால் பின்னால் இருப்பவர் இன்னும் கொஞ்சம் அதிகமாக பிரேக் போடுவார். பத்துப் பதினைந்து வண்டி தாண்டினால் ஒருவர் நின்றே போவார். முன்வண்டியை ஒட்டாமல் இடைவெளி விட்டு ஓட்டினால் குறையும். விட்ட இடத்தில் ஒரு பைக் வந்து நுழையும், தெரியும். விட்டுத்தான் பாருங்களேன்.