கோட்டைத் தாண்டும் செல்கள்

கேள்வி: செல் வளர்ப்புத் தட்டில் சிலிக்கோன் ஸ்டாம்பால், செல்கள் ஒட்டிப் பிடிக்கும் புரதமான ஃபைப்ரோனெக்டினை 20 மைக்ரான் கோடுகளாக அச்சிடுகிறேன். செல்கள் கோட்டில் மட்டும் ஒட்ட வேண்டும். மீதி இடத்தை, ஒட்டவிடாமல் தடுக்கும் பாலிமரான புளூரானிக் எஃப்-127 கரைசலால் மூடுகிறேன். மறுநாள் பார்த்தால் செல்கள் தட்டு முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. எங்கே தவறு? (ஆய்வு மாணவி)

பதில்: எனக்குச் சந்தேகம் உங்கள் கைமேல் இல்லை, தட்டின்மேல்தான். செல் வளர்ப்புக்கென்று விற்கும் பாலிஸ்டைரீன் தட்டுகளின் பரப்பைத் தயாரிக்கும்போதே பிளாஸ்மா (ரத்தத்தில் உள்ளது அல்ல, அயனியாக்கிய வாயு) போன்றவற்றால் மாற்றி, தண்ணீர் படரும்படி செய்துவிடுகிறார்கள். செல் எங்கும் ஒட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம். நீங்கள் கேட்பதோ அதற்கு நேரெதிர்.

புளூரானிக் மூலக்கூறின் நடுத்துண்டு தண்ணீருக்கு ஒத்துவராதது, இரு முனைகளும் தண்ணீரோடு சேர்பவை. நடுத்துண்டு பிடித்து உட்காரத் தண்ணீர் ஒட்டாத பரப்பு வேண்டும். அப்போதுதான் முனைகள் புல் போல நின்று புரதத்தை அண்டவிடாது. உங்கள் தட்டில் அது சரியாக உட்காரவில்லை. காலியான இடத்தில், வளர்ப்புக் கரைசலில் சேர்க்கும் சீரத்திலுள்ள விட்ரோனெக்டின் என்ற ஒட்டும் புரதம் படிகிறது, செல்லும் அதைப் பிடித்துக்கொள்கிறது.

பாக்டீரியா வளர்க்கும் சாதாரணப் பெட்ரி தட்டுக்கு மாறுங்கள். விலையும் குறைவு! ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் படராமல் உருண்டு நிற்க வேண்டும். ஒரு சிக்கல் உண்டு: ஸ்டாம்பும் தண்ணீர் ஒட்டாதது என்பதால் புரதம் அதைவிட்டு இறங்க மறுக்கும். அதனால் பிளாஸ்மாவைத் தட்டுக்குக் கொடுக்காமல் ஸ்டாம்புக்குக் கொடுங்கள்; ஸ்டாம்பில் தண்ணீர் படரும்படி ஆனால் புரதம் எளிதில் இறங்கும். தட்டுக்குப் பதில் சிலிக்கோன் பூசிய கண்ணாடி என்றால், புரதம் அதில் இறங்க, அச்சிடுமுன் கண்ணாடிக்குச் சில நிமிடம் புறஊதா ஒளியும் ஓசோனும் கொடுத்தால் போதும். அதிகமானால் தண்ணீர் படரும் பரப்பாகி, புளூரானிக் உட்காராத பழைய கதைதான்.

இன்னொன்று, செல்லைப் போடுமுன் அச்சைப் பாருங்கள். ஒளிரும் சாயம் ஏற்றிய ஃபைப்ரோனெக்டினைக் கொஞ்சம் கலந்தால் மைக்ரோஸ்கோப்பில் தெரியும். கோட்டின் ஓரம் கலைந்திருந்தால் ஸ்டாம்பு முழுதாகக் காயாமல் இருந்திருக்கலாம். இடைவெளியிலும் ஒளிர்ந்தால் அழுத்தம் அதிகம், அல்லது பள்ளம் ஆழமில்லாமல் ரப்பர் தொய்ந்து தரையைத் தொட்டிருக்கிறது. கோடு துல்லியமாக இருந்தும் செல் தாண்டினால் மட்டும் புளூரானிக்கைக் குறை சொல்லலாம்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. 1997-இல் கிறிஸ்டோபர் சென், வைட்சைட்ஸ், இங்பர் குழுவினர் ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களை செல் ஒட்டும் வெவ்வேறு அளவுத் திட்டுகளில் வளர்த்தார்கள். பரவ இடம் கிடைத்தவை வளர்ந்தன, சிறு திட்டில் ஒடுங்கியவை செத்தன. அச்சு அழிந்தால் அந்த மாதிரிச் சோதனைக்கே அர்த்தமில்லை.

சரியாகச் செய்தாலும் அச்சு நிரந்தரமல்ல. செல்லே தன் புரதத்தைச் சுரந்து வழி போட்டுக்கொள்ளும், புளூரானிக்கும் மெல்லக் கழன்றுபோகும். வாரக்கணக்கில் ஓடும் சோதனை என்றால், புளூரானிக்குக்குப் பதில், பரப்போடு வேதிப்பிணைப்பால் கட்டிய, புரதம் ஒட்டாத பாலிஎத்திலீன் கிளைக்கால் (PEG) பூச்சுக்குப் போய்விடுங்கள்.