நியோகார்டெக்ஸை மொத்த மூளையால் வகுக்கலாமா?

மூளையின் வெளி அடுக்கான நியோகார்டெக்ஸின் அளவை மொத்த மூளையின் அளவால் வகுத்துக் குரங்கினங்களை வரிசைப்படுத்தினால் மனிதன் உச்சியில் போய் உட்காருகிறான், இது சரியா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வகுத்தலில்தான் கோளாறு. மனித மூளையில் ஏறக்குறைய 80 சதவீதம் நியோகார்டெக்ஸ்தான், அதாவது மேலே இருப்பதையே கீழேயும் போட்டு வகுக்கிறீர்கள். அதுபோக, மூளை பெரிதாகப் பெரிதாக நியோகார்டெக்ஸின் பங்கும் தானாகவே கூடும். மொத்தத்திலிருந்து அந்தப் பகுதியைக் கழித்துவிட்டு, நியோகார்டெக்ஸ், மிச்ச மூளை இரண்டுக்கும் லாகரிதம் எடுத்து வரைந்து பாருங்கள், மனிதன் மற்றக் குரங்கினங்களின் போக்கைக் காட்டும் கோட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிடுவான். சிம்பன்சியும் கொரில்லாவும் நெருங்கிய சொந்தம், அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ண முடியாது, எனவே பரிணாம மரத்தையும் கணக்கில் சேர்த்தே ரிக்ரஷன் (புள்ளிகளுக்குப் பொருந்தும் கோட்டைக் காணும் கணக்கு) போடுங்கள். அப்புறம், மூளைப் பகுதிகளின் அளவுகளைத் தரும் ஸ்டீபன் குழுவின் 1981 அட்டவணையில் இருப்பவை, பதப்படுத்தும்போது மூளை சுருங்கியதைச் சரிக்கட்டிய எண்கள். சுருக்கம் திருத்தாத வெட்டுத்துண்டு அளவுகளை அதோடு கலக்காதீர்கள், நான் அப்படிக் கலந்து ஒரு மாதம் வீணாக்கினேன்.