எலும்பு முறிவுக்கு ஜூஸ்: எது, எவ்வளவு, எப்போது?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61, எடை 60 கிலோ. குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். மூன்று வாரம் ஆகிறது. பிபி மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரை கிடையாது. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு ஜூஸ் சொல்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் பிரண்டைச் சாறு, பதினோரு மணிக்கு பீட்ரூட், மாலையில் மாதுளை, இரவில் பாலக்கீரை என்று கொடுத்து வருகிறோம். இப்போது சாப்பாடே இறங்கவில்லை என்கிறார், மலச்சிக்கலும் இருக்கிறது. எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். நாளுக்கு இரண்டு டம்ளர் போதும், ஒவ்வொன்றும் 150 மில்லிக்கு மேல் வேண்டாம். படுத்தே இருப்பவருக்குப் பசி இயல்பாகவே குறைவு. அந்த வயிற்றில் நான்கு டம்ளர் சாறு போனால் சோற்றுக்கும் பருப்புக்கும் இடம் இருக்காது. அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காததற்கு ஜூஸே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எலும்பு என்றதும் கால்சியம்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். ஆனால் முறிந்த இடத்தில் முதலில் உருவாவது கொலாஜன் என்ற புரத நார். பிறகுதான் அதன் மேல் கால்சியமும் பாஸ்பரஸும் படிந்து இறுகுகின்றன. ஆக, முதல் தேவை புரதம். காயம் ஆறும் காலத்தில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும். அம்மாவின் எடைக்கு நாளுக்கு 72 முதல் 90 கிராம். பழச்சாற்றில் புரதம் அநேகமாகக் கிடையாது. இரண்டு முட்டையில் 12 கிராம், அரை லிட்டர் பால் அல்லது தயிரில் 16, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 13, நூறு கிராம் மீனிலோ பன்னீரிலோ 18 அளவில் கிடைத்துவிடும். மீதி இட்லி, சோறு, சாம்பாரிலிருந்து வரும். இது தினமும் உள்ளே போன பிறகுதான் ஜூஸைப் பற்றிப் பேச்சு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அப்படியானால் ஜூஸால் பயனே இல்லையா? இருக்கிறது, முக்கியமாக வைட்டமின் சி-க்காக. கொலாஜன் நார் உறுதியாகப் பின்னிக்கொள்ள அது இல்லாமல் முடியாது. பெண்களுக்கு நாளுக்கு 65 மில்லிகிராம், ஆண்களுக்கு 80 என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்ன அளவு. நெல்லிக்காயில் நூறு கிராமுக்கு சுமார் 250 மில்லிகிராம் இருக்கிறது. பெரிய நெல்லி ஒன்றில் சதை 40 கிராம் தேறும், ஆகவே ஒரே ஒரு காய் அன்றைய தேவையைத் தாண்டிவிடும். ஐந்து காய் அரைத்துக் கொடுப்பதால் ஐந்து மடங்கு வேகமாக எலும்பு கூடாது. மிஞ்சியது சிறுநீரில் போய்விடும்.

செய்முறை: ஒரு பெரிய நெல்லிக்காயைக் கொட்டை நீக்கி நறுக்குங்கள். சுண்டுவிரல் நுனியளவு இஞ்சி, நான்கு கறிவேப்பிலை, சிட்டிகை உப்பு, கொஞ்சம் தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்து, 150 மில்லி வரும் அளவுக்கு மோர் கலந்துகொள்ளுங்கள். திப்பி தொண்டையில் குத்தினால் கண் பெரிய வடிகட்டியில் ஒரு முறை வடிக்கலாம். பிபி இருப்பதால் உப்பு அந்தச் சிட்டிகையோடு நிற்கட்டும். வெறும் வயிற்றில் வேண்டாம், மதியச் சாப்பாட்டோடு கொடுங்கள். வலி மாத்திரையால் புண்பட்டிருக்கக்கூடிய இரைப்பையில் புளிப்பு சேர்ந்தால் எரிச்சல் வரும். சாப்பாட்டோடு போனால் இன்னொரு லாபமும் உண்டு: கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் நன்றாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி கூடாது. அந்த லாபம் போய்விடும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். காலையிலேயே மொத்தமாக அரைத்து ஃபிரிட்ஜில் வைத்து நாள் முழுக்கக் கொடுப்பார்கள். நறுக்கிக் காற்றுப் பட்டதுமே வைட்டமின் சி குறையத் தொடங்கும். செம்புச் சொம்பில் வைத்தால் இன்னும் வேகமாக அழியும், புளிப்பு செம்பையும் கரைத்து இறக்கும். அரைத்ததும் எவர்சில்வர் அல்லது கண்ணாடி டம்ளரில் ஊற்றி அப்போதே குடித்துவிட வேண்டும். நெல்லி கிடைக்காத நாளில் ஒரு கொய்யா போதும். அதைச் சாறாக்கவே வேண்டியதில்லை; நறுக்கிக் கொடுத்தால் நார்ச்சத்தும் சேர்ந்து மலச்சிக்கலுக்கு உதவும்.

மாலை டம்ளருக்குக் கேரட் பொருத்தம். இரண்டு கேரட்டை (150 கிராம்) ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, 50 மில்லி கெட்டித் தேங்காய்ப்பாலும் ஒரு ஏலக்காயும் சேர்த்து அரைத்து, தேவையான தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள். வடிகட்டக் கூடாது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் சத்து) கொழுப்பு இருந்தால்தான் நன்றாக உடலில் சேரும். தண்ணீர் விட்டு மட்டும் அரைத்துக் குடித்தால் பாதி வீண். வாரத்தில் மூன்று நான்கு நாள் போதும். தினமும் நிறையக் குடித்தால் உள்ளங்கை மஞ்சளாகும். காமாலை என்று பயந்துவிடாதீர்கள், கண்ணின் வெண்மை மாறாது. நிறுத்தினால் சில வாரங்களில் சரியாகும்.

கேரட் இல்லாத நாட்களில் வாழைப்பழ மில்க் ஷேக் கொடுங்கள்: 200 மில்லி பால், ஒரு சிறிய பழம், வறுத்த வேர்க்கடலை 20 கிராம். அளவு சற்றுக் கூடினாலும் பரவாயில்லை, 11 கிராமுக்கு மேல் புரதம் சேர்கிறது. இதே பாலில் அன்னாசியைப் போட்டால் சிறிது நேரத்தில் கசந்துவிடும். அதிலுள்ள நொதி பால் புரதத்தை உடைப்பதால் வரும் கசப்பு அது.

பாலக்கீரைச் சாற்றை நிறுத்திவிடுங்கள். அதில் ஆக்ஸலேட் அதிகம். கீரையின் கால்சியத்தை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். சிறுநீரகக் கல் வரக்கூடியவர்களுக்கு ஆபத்தும்கூட. கால்சியத்துக்கு முருங்கைக்கீரை மேல்: நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். ஒரு கைப்பிடி இலை, இரண்டு சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் போட்டு ஐந்தாறு நிமிடம் கொதித்ததும் இறக்கி, இலையோடு சாப்பிடச் சொல்லுங்கள். வடிகட்டித் தெளிவை மட்டும் கொடுத்தால் கால்சியத்தில் பெரும்பகுதி இலையோடு குப்பைக்குப் போகும்.

மாதுளையும் பீட்ரூட்டும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்பப்படுகிறது. பீட்ரூட்டில் நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. கெடுதல் என்று சொல்லவில்லை, பொரியலாகச் சாப்பிடட்டும். சிலருக்கு மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம்.

பிரண்டையைப் பச்சையாகச் சாறு பிழியவே கூடாது. அதிலுள்ள ஊசி போன்ற ஆக்ஸலேட் படிகங்கள் நாக்கையும் தொண்டையையும் அரிக்கும். நம் பாட்டிமார்கள் அதைத் துவையலாக்கியதற்குக் காரணம் இருக்கிறது: இளம் கொழுந்தை எடுத்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, புளி வைத்து அரைப்பார்கள். அம்மாவுக்குப் பிடித்தால் ஒரு ஸ்பூன் துவையல் சோற்றோடு போகட்டும். அதை நம்பி எக்ஸ்ரே நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி மாத்திரைகள். பிபி மாத்திரை டெல்மிசார்டான், லோசார்டான் வகையாக இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும். இளநீர், ஆரஞ்சு, வாழை எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்க வேண்டாம். சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்தால் அவற்றில் ஏதாவது ஒன்று போதும். காலில் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் கொடுத்திருந்தால், கீரை சூப்பைத் திடீரென்று கூட்டாதீர்கள். அதிலுள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைக்கும். புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக் ஓடினால், மாத்திரை போட்ட பின் குறைந்தது இரண்டு மணி நேரம் பாலோ மோரோ கால்சியம் மாத்திரையோ வேண்டாம். நெல்லி மோருக்கும் இது பொருந்தும்.

மலச்சிக்கலுக்கு வலி மாத்திரையும் காரணமாக இருக்கலாம். டிரமடால் கலந்த மாத்திரை குடலை மந்தமாக்கும். காலையில் பப்பாளித் துண்டுகள் ஒரு கிண்ணம், நாள் முழுக்கப் போதுமான தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். மூன்று நாளாகியும் போகவில்லை என்றால் டாக்டரிடம் மருந்து கேளுங்கள்.

யாராவது சுரைக்காய்ச் சாறு சொன்னால் பச்சையாகக் கொடுக்காமல் கூட்டாகச் செய்யுங்கள். நறுக்கும்போதே ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் உடனே துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்களும் உயிரிழந்தவர்களும் நம் நாட்டில் உண்டு.