கிறிஸ்துவுக்குள் நான் யார் என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

"நான் இரட்சிக்கப்பட்ட விசுவாசி. கிறிஸ்துவுக்குள் நீ யார் என்பதை அறிந்துகொள் என்று எல்லாக் கூட்டங்களிலும் சொல்லுகிறார்கள். அதற்குரிய வசனங்களும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் உள்ளுக்குள் நான் பழைய ஆளாகவே இருக்கிறேன். இதை எப்படிப் புரிந்துகொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கேள்வியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் யார், எந்த ஊர், என்ன வயது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் வசனங்கள் மனப்பாடமாக இருந்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை என்று எழுதுகிறவர், பிறர் தமக்குச் சூட்டிய ஏதோ ஒரு பெயரைச் சுமந்துகொண்டிருப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். அது தேர்வில் தோற்றவர் என்ற பெயராக இருக்கலாம். வரன் அமையாதவர் என்ற பெயராக இருக்கலாம். ஊரின் எந்தத் தெருவில் பிறந்தவர் என்பதை வைத்து வந்த பெயராகவும் இருக்கலாம். எனக்கு இருந்த பெயர் மலடி.

அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேரே எவரும் சொன்னதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். "விசேஷம் ஏதும் உண்டா?" என்றுதான் கேட்பார்கள். திருமணமான முதல் இரண்டு ஆண்டுகள் சிரித்துக்கொண்டு கேட்டார்கள். அதன் பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். பத்து ஆண்டுகள் சென்றபின் கேட்பதையே விட்டுவிட்டார்கள். கேட்காமல் விட்டதுதான் என்னை அதிகமாக வருத்தியது.

நாங்கள் பாளையங்கோட்டைப் பக்கம், பரம்பரையாகத் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த குடும்பம். டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை முடிந்ததும், புத்தாண்டுக்கான வாக்குத்தத்த அட்டைகளை ஒரு தட்டில் வைத்துக் கொடுப்பது எங்கள் சபையில் வழக்கம். திருமணமாகி ஐந்தாம் ஆண்டில் நான் எடுத்த அட்டையில், "மலடியைச் சந்தோஷமான பிள்ளைத்தாய்ச்சியாக்கி, வீட்டிலே குடியிருக்கப்பண்ணுகிறார்" என்ற 113ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் இருந்தது. பக்கத்தில் நின்ற என் மாமியார் அதை வாங்கி வாசித்துவிட்டு, ஆலயத்துக்குள்ளேயே அழுதார். வீட்டுக்கு வந்ததும், துணி அலமாரிக் கதவின் உட்புறத்தில் நான்கு மூலைகளிலும் பசை தடவி அதை ஒட்டினார். "அம்மா, கர்த்தர் சொல்லிட்டாரு. இனி நீ கவலையே படக்கூடாது" என்றார். அன்பு மிகுந்தவர் அவர்; என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னவர் அல்லர். ஆனால் அந்த நாள் முதல், ஒவ்வொரு காலையும் புடவை எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம், ரோஜாப்பூ ஓரம் போட்ட அந்தச் சிறிய அட்டையில் முதலில் என் கண்ணில் பட்ட சொல் "மலடி" என்பதாகவே இருந்தது. வசனத்தின் பிற்பகுதி நிறைவேறவில்லை. முற்பகுதி மட்டும் என் பெயராக அந்தக் கதவில் தங்கிவிட்டது.

இதற்காக வாக்குத்தத்த அட்டைகளையே நான் பழிக்கிறேன் என்று எவரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவற்றால் தேற்றப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் சாட்சி உண்மையானது. ஆனால் வசனத்தை அதன் இடத்திலிருந்து வெட்டி எடுத்துக் கையில் கொடுக்கும் பழக்கத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. உங்கள் கேள்வியோடும் அது தொடர்புடையது என்பதால் சொல்லுகிறேன். "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்ற வசனம் எங்கும் தொங்குகிறது. உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் ஆசீர்வாதங்களைச் சொல்லும் வசனங்கள் 14. அதைத் தொடர்ந்து சாபங்களைச் சொல்லும் வசனங்கள் 54. இஸ்ரவேல் என்ற ஒரு ஜனத்தோடு செய்யப்பட்ட உடன்படிக்கையின் நடுவிலிருந்து ஒற்றை வரியை எடுத்து, அலுவலகப் பதவி உயர்வுக்கு எதிர்பார்த்திருக்கும் ஒருவரின் கையில் கொடுத்து, இதுதான் கிறிஸ்துவுக்குள் நீ யார் என்பது என்று சொன்னால், பதவி உயர்வு வராதபோது அவர் தம்மை என்னவென்று நினைத்துக்கொள்வார்? நீங்கள் மனப்பாடம் செய்திருக்கும் வசனங்களில் இப்படிப்பட்டவை எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

மருத்துவமனைகளின் கதையை நீட்ட விரும்பவில்லை. மூன்று ஊர்களில் பார்த்தோம். ஒரு பெரிய மருத்துவமனையில் எனக்கு லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றுக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் பரிசோதனை வரை செய்து முடித்த பிறகுதான், என் கணவருக்கும் ஒரு சாதாரணப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு நினைவு வந்தது. அதற்குள் இரண்டு ஆண்டுகளும், என் நகைகளில் பாதியும் போய்விட்டன. குறை முழுவதும் பெண்ணின் உடம்பில்தான் இருக்கும் என்று படித்த மருத்துவர்களே தொடங்குவதை இன்றும் என்னால் மன்னிக்க இயலவில்லை.

நான் உண்மையாகவே உடைந்துபோனது வேறொரு நாளில். மே மாதத்து இரண்டாம் ஞாயிறு, அன்னையர் தினம். ஆராதனையின் முடிவில், எங்கள் ஐயர், அதாவது போதகர், தாய்மார்கள் எல்லாரும் எழுந்து நிற்கும்படி சொல்லி ஜெபித்தார். பிறகு சபை ஊழியர் ஒரு கூடையில் சிறிய எவர்சில்வர் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்து, நின்றவர்களுக்குக் கொடுத்தார். எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் மூவர்: நான், திருமணமாகாத ஒரு செவிலியர், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். கூடை எங்கள் பெஞ்சுக்கு வந்தபோது அந்தச் சகோதரர் ஒரு கணம் தயங்கினார். அவர் கை கூடைக்குள் சென்றது. பிறகு வெறுமையாக வெளியே வந்தது. அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் பாவம், என்ன செய்வார்? ஆனால் ஞானஸ்நானம் பெற்று, சபையின் முழு அங்கத்தினராக்கும் திடப்படுத்தல் பெற்று, இருபது ஆண்டுகளாக அதே பந்தியில் அப்பமும் ரசமும் பெற்றவளாகிய எனக்கு, இந்தச் சபையில் நான் யார் என்பதற்கு அந்தக் கூடை ஒரு பதில் சொல்லிவிட்டுப் போனது.

என்னைத் தேற்ற வந்தவர்கள் பெரும்பாலும் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் வாழ்க்கையைச் சொன்னார்கள். அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியாவுக்கு வந்து, எங்கள் மாவட்டத்து டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்து, 1951இல் அங்கேயே மறைந்தவர். திருமணமே செய்துகொள்ளாதவர். அவருடைய கல்லறையில், பறவைகள் நீர் அருந்தும் கல்தொட்டி ஒன்றின்மேல் தாய் என்று பொருள்படும் ஒற்றைச் சொல் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கிறது. நான் மிகவும் மதிக்கும் ஊழியக்காரி அவர். ஆனாலும் அந்த ஆறுதல் எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. வேறு வழியிலாவது நீ தாயாகிவிட்டால் உனக்கும் ஒரு பெயர் கிடைக்கும் என்பதே அதன் பொருள் என்று எனக்குப் பட்டது. எந்த வழியிலும் தாயாகாத ஒருத்தி கிறிஸ்துவுக்குள் யார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பதில் வந்தது நான் எதிர்பாராத இடத்திலிருந்து. நான் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தை, பிலிப்பும் எத்தியோப்பிய மந்திரியும் சந்தித்த பாடத்தை, எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் இரதம் வரைந்து, அதில் சுருளை விரித்து வாசிக்கும் மந்திரியை வரைந்து காட்டுவேன். ஒரு சனிக்கிழமை மாலை, ஆசிரியர்களின் ஆயத்த வகுப்பில், ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் எங்களிடம், "நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் மந்திரி என்று இருக்கிறது. கிரேக்கத்தில் இந்தப் பகுதியில் ஐந்து முறை வருகிற சொல்லுக்குப் பொருள் அண்ணகன். இவர் அரண்மனையில் உயர்ந்த பதவியில் இருந்தவர்தான், ஆனால் பிள்ளை பெற இயலாதபடி ஆக்கப்பட்டவர்" என்றார். பிறகு அடுத்த குறிப்புக்குப் போய்விட்டார். என்னால் போக இயலவில்லை.

அன்றிரவு வேதாகமத்தை எடுத்து உட்கார்ந்தேன். அப்படிப்பட்டவன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23 சொல்லுகிறது. அந்த மனிதர் அத்தனை தூரம் பயணம் செய்து பணிந்துகொள்ள எருசலேமுக்கு வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறார். அங்கே அவருக்கு என்ன நேர்ந்தது என்று அப்போஸ்தலர் புத்தகத்தை எழுதிய லூக்கா எழுதவில்லை. நானும் கற்பனை செய்யத் துணியவில்லை. ஆனால் கூடை தயங்கிய அந்தக் கணம் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவர் மடியில் விரிந்திருந்தது ஏசாயா 53. அதிலே அவர் வாசித்த வரி, "அவருடைய வம்சத்தை யாராலே சொல்லிமுடியும்" என்பது. வம்சம் இல்லாத ஒருவர், வம்சம் அற்றுப்போனதாகச் சொல்லப்படும் இன்னொருவரைப் பற்றி வாசித்து, "இது யாரைக்குறித்து?" என்று கேட்கிறார். பிலிப்பு அங்கேதான் தொடங்கி இயேசுவைக்குறித்து அவருக்குப் பிரசங்கிக்கிறார். நமது ஆண்டவருக்கும் மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை என்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். அது என்னோடு தொடர்புடைய செய்தி என்று அன்றிரவுதான் தெரிந்தது.

அந்தச் சுருளை இன்னும் சற்று விரித்தால், நம்முடைய அதிகாரக் கணக்கின்படி மூன்றே அதிகாரங்கள் தள்ளி, ஏசாயா 56 வந்துவிடும். "அண்ணகனும்: இதோ, நான் பட்டமரமென்று சொல்லானாக" என்று அங்கே எழுதியிருக்கிறது. தம்முடைய உடன்படிக்கையைப் பற்றிக்கொள்ளுகிற அப்படிப்பட்டவர்களுக்கு, "குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரிய" இடத்தையும் கீர்த்தியையும்விட உத்தமமானதைத் தமது ஆலயத்துக்குள்ளேயே கொடுப்பதாகவும், அழியாத நித்திய நாமத்தை அருளுவதாகவும் கர்த்தர் சொல்லுகிறார். நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களுக்காக எருசலேமில் அமைக்கப்பட்டிருக்கும் யாத் வாஷேம் நினைவகத்துக்கு இந்த வசனத்தின் எபிரெயச் சொற்களிலிருந்தே பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பின்னாளில் அறிந்துகொண்டேன்.

வசனத்தை வெட்டி எடுப்பதைக் குறை சொன்னவளே இப்போது தனக்கு வேண்டிய வசனத்தை எடுத்துக்கொள்கிறாள் என்று ஒருவர் சொல்லக்கூடும். அதனால்தான் உடன்படிக்கையைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையையும் விடாமல் எழுதினேன். மேலும், பட்டமரம் துளிர்க்கும் என்று அந்த வசனம் வாக்களிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த எத்தியோப்பியர், 36ஆம் வசனத்தில், "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று கேட்டார், ஞானஸ்நானம் பெற்றார், சந்தோஷத்தோடே தன் வழியே போனார். போனபோதும் அவர் அண்ணகன்தான். லூக்கா அந்த இடத்திலும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். அவருடைய உடம்பில் எதுவும் மாறவில்லை. அது தடையாக இருந்த நிலை மட்டும் ஒழிந்துபோயிற்று.

உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். கிறிஸ்துவுக்குள் இருக்கிறவன் புதுச்சிருஷ்டி என்ற பவுலின் வார்த்தையைக் கேட்டதும் நாம் பழைய வேதனை மறைந்துவிட்டதா என்று உள்ளே தேடுகிறோம். மறையவில்லை என்று கண்டதும், நமக்குப் பொருந்தாத வசனம் என்று முடிவு செய்கிறோம். பவுல் எபேசியருக்கு எழுதியதை வாசித்துப் பாருங்கள். முதல் அதிகாரத்தின் 3 முதல் 14 வரையிலான வசனங்கள் கிரேக்கத்தில் ஒரே நீண்ட வாக்கியம். அந்த வாக்கியம் முழுவதிலும் செய்கிறவர் தேவன், பெற்றுக்கொள்ளுகிறவர்கள் நாம். நாம் உணர வேண்டியது என்று அதில் ஒன்றும் இல்லை. "கிறிஸ்துவுக்குள்" என்பது நாம் வைக்கப்பட்டிருக்கும் இடத்தைச் சொல்லும் சொல். வீட்டுக்குள் இருப்பவர் அழுதுகொண்டிருந்தாலும் வீட்டுக்குள்தான் இருக்கிறார். நான் இறையியல் கல்லூரியில் படித்தவள் அல்ல; கற்றவர்கள் இதைத் திருத்தமாகச் சொல்லுவார்கள். ஆனால் இருபது ஆண்டுகள் உணர்வைத் தேடிக் களைத்த எனக்கு, இடத்தைச் சொல்லும் இந்தச் சொல் போதுமானதாக இருந்தது.

வருத்தம் முற்றிலும் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அண்டை வீட்டில் வளைகாப்பு நடந்தால் இன்றும் சில சமயம் நான் சீக்கிரமே திரும்பிவிடுகிறேன். அலமாரிக்கு வண்ணம் பூசியபோது, மாமியாரிடம் கேட்டுக்கொண்டே அந்த அட்டையைச் சுரண்டி எடுத்தேன். அவர் மறுப்பு ஒன்றும் சொல்லாமல் ஈரத்துணி எடுத்துவந்து, ஒட்டியிருந்த பசையைத் தாமே துடைத்தார். அன்னையர் தினக் கிண்ணத்தைப் பற்றியும் ஐயரிடம் பேசினேன். இப்போது எல்லாப் பெண்களுக்கும் கொடுக்கிறார்கள். அது சரியல்ல, தாய்மைக்குரிய மதிப்புக் குறைகிறது என்று சபையில் சிலர் இன்னும் முறையிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரம் மறுபடியும் பாடமாக வந்தது. மந்திரி என்ற சொல்லை விளக்கிவிட்டு, மூலத்தில் உள்ள சொல்லையும் சொன்னேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார்கள். பிள்ளை பெற முடியாதவர் என்றேன். முன்வரிசையில் இருந்த பத்து வயதுச் சிறுமி, "உங்களை மாதிரியா டீச்சர்?" என்று கேட்டாள். பின்னால் இருந்த பெரிய பிள்ளைகள் அவளை அதட்டினார்கள். நான் அவர்களைத் தடுத்தேன். "ஆமாம், என்னை மாதிரி" என்று சொல்லிவிட்டு, 36ஆம் வசனத்தை அவளையே சத்தமாக வாசிக்கச் சொன்னேன்.