பினாங்கும் பெலாச்சானும்

அன்புள்ள ஐயா,

ஜனவரியில் மூன்று நாள் பினாங்கு போகிறோம். கணவரும் மகனும் எதையும் சாப்பிடுவார்கள். அம்மா சுத்த சைவம், முட்டைகூட ஆகாது. இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு கடைப் பட்டியல் தருகிறார்கள். அங்கே ஜார்ஜ் டவுன் நகரில் எந்தக் கடைக்குப் போவது? அம்மாவுக்கு மூன்று நாளும் இட்லிதானா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

கடைப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு அலையாதீர்கள். அங்கே ஒரு வண்டிக்கடை பெரும்பாலும் ஒரே பண்டத்தைத்தான் செய்யும், அதுவும் நாளில் சில மணி நேரம். காலையில் கூட்டம் அலைமோதும் இடம் மாலையில் வெறும் தெருவாகக் கிடக்கும். வார விடுமுறை கடைக்குக் கடை மாறும். சீனப் புத்தாண்டு வாரத்தில் பல கடைகள் திறக்காது, பயணத் தேதியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆகவே பண்டத்தையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள், கடை தானாக அமையும்.

மாலை ஆறு மணிக்குமேல் சூலியா தெரு, கிம்பர்லி தெரு, நியூ லேன் மூன்றிலும் வண்டிகள் வரிசையாக நிற்கும். கொப்பித்தியாம் என்கிற சீனக் காப்பிக்கடையில் முதலில் மேசை பிடியுங்கள். பிறகு ஒவ்வொரு வண்டியிடமும் போய்ச் சொல்லி, மேசை எண்ணையும் சொல்லிவிட்டு வந்தால் தட்டு வந்ததும் பணம் கொடுக்கலாம். குடிக்க ஏதாவது கடைக்காரரிடமே வாங்க வேண்டும், மேசைக்கான வாடகை அதுதான்.

சார் குவே தியாவ் என்கிற பட்டை அரிசி நூடுல்ஸ் வதக்கலை வாங்குமுன் சட்டியைப் பாருங்கள். நல்ல கைக்காரர் ஒவ்வொரு தட்டாக, கடும் தீயில் வதக்குவார். நாலைந்து தட்டுக்குச் சேர்த்துப் போட்டால் சட்டியின் சூடு இறங்கி, முளைப்பயறு நீர் விட்டு, வதங்க வேண்டியது வெந்துபோகும். அரைமணி காத்திருந்தாலும் தனித்தட்டுக்காரரிடமே வாங்குங்கள். சீன வண்டிகளில் பன்றிக்கொழுப்பு சேரும் என்பது நினைவிருக்கட்டும்.

நாசி கண்டார் தமிழ் முஸ்லிம்கள் அந்தத் தீவுக்குத் தந்த சோறு. தோளில் காவுகட்டி, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றது. கேம்பல் தெருவின் ஹமீதியா உணவகம் 1907 முதல் நடக்கிறது. இதில் உயிர் குழம்புக் கலவையில்தான் இருக்கிறது: மீன், கோழி, மாட்டிறைச்சிக் குழம்புகளைச் சோற்றின்மேல் ஒன்றாக ஊற்றுவார்கள். "குவா சம்போர்" என்றால் கலவை, "பஞ்சிர்" என்றால் சோறு மிதக்க. குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்குகிறவர்கள் அந்தச் சுவையைத் தவறவிடுகிறார்கள். தட்டைப் பார்த்தே விலை போடுவதால், பெரிய இறால், மீன்முட்டை, மீன்தலை ஆகியவற்றைக் கைகாட்டுமுன் "பெராப்பா?" என்று விலை கேளுங்கள். முற்பகலில் போனால் குழம்பு புதிது. இரவில் வற்றி உப்பேறியிருக்கும்.

அசாம் லக்சா என்கிற புளிப்பு நூடுல்ஸ் சாறுக்கு ஆயிர் ஈத்தாம் பகுதிக்குப் போங்கள். ஜார்ஜ் டவுனின் கொம்தார் கோபுரக் கட்டடத்திலிருந்து 204 பேருந்து போகிறது, கெக் லோக் சி கோயிலும் அங்கேதான். கானாங்கெளுத்தி வகை மீனை உதிர்த்துக் காய்ச்சிய சாறு அது. புளிப்புக்கு நம் குடம்புளியின் உறவான அசாம் கெப்பிங், மணத்துக்கு புங்கா கந்தான் என்ற இஞ்சி இனப் பூ. மேலே கரிய இறால் விழுதான ஹே கோ ஒரு கரண்டி. தேங்காய்ப்பால் கிடையாது. வேறு ஊர் லக்சாவை எதிர்பார்த்தால் முதல் வாய் திகைக்க வைக்கும்.

இனி அம்மா. கண்ணுக்குத் தெரியும் மீனை ஒதுக்கிவிடலாம், தெரியாத இறால்தான் சிக்கல். வெறும் கங்குங் கீரை வதக்கலில்கூட பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். ரோஜாக் வெறும் பழமும் வெள்ளரியும்போலத் தெரியும், மேலே பூசியிருப்பது ஹே கோ. நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றின் சம்பலில் நெத்திலி. நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாய்க்குத் தரும் பருப்பில் மீன்குழம்பைக் கலந்து ஊற்றுவது வழக்கம், "டால் சாஹாஜா" என்று சொன்னால் பருப்பு மட்டும் வரும். மாவில் முட்டை சேர்ப்பவர்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

பினாங்கு தெருவிலும் அதை ஒட்டிய லிட்டில் இந்தியாவிலும் வுட்லண்ட்ஸ் போன்ற சைவக் கடைகள் உள்ளன, தோசையும் வாழையிலைச் சாப்பாடும் கிடைக்கும். ஆனால் மூன்று நாளும் அங்கேயே உட்கார வைக்காதீர்கள். பலகையில் 素 என்ற எழுத்து இருந்தால் அது சீன சைவக் கடை. பௌத்த முறையில் சமைப்பவர்கள் வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. தட்டில் மீன்துண்டுபோல, கோழிபோல இருப்பது சோயாவும் கோதுமைப் பசையும். இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பார்த்ததும் எழுந்துவிடுவார். சில கடைகளில் முட்டை உண்டு, அதை மட்டும் கேட்க வேண்டும்.

இனிப்புக்குக் கவலையில்லை. பினாங்கு சாலையிலிருந்து பிரியும் கெங் குவீ சந்தில் செண்டோல் கிடைக்கும்: பாண்டான் இலைச் சாறு சேர்த்த பச்சை இழைகள், சிவப்புப் பயறு, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, துருவிய பனி. நடுப்பகல் வெயிலில் குடியுங்கள். புத்து மாயாம் நம் இடியாப்பமேதான், தேங்காய்த்துருவலும் வெல்லமும் வைத்துத் தருவார்கள்.

இந்த மலாய் வரியைப் பெரிய எழுத்தில் எழுதி அம்மா கையில் கொடுங்கள்: "சாயா தாக் மாக்கான் டாகிங், ஆயாம், ஈக்கான், ஊடாங், தெலோர். பெலாச்சான் பூன் தாக் போலே." இறைச்சி, கோழி, மீன், இறால், முட்டை சாப்பிடமாட்டேன், பெலாச்சானும் கூடாது என்று பொருள். வெறுமனே "சைவம்" என்று சொன்னால் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு இறால் விழுதோடு பரிமாறக்கூடும்.